உங்களுக்குத் தெரியுமா? காற்றில் பேச்சைப் பிடிக்கும் பெட்டி

★ 1930-களின் அமெரிக்க ரேடியோப் பெட்டிகள் பலவற்றின் டயலில், நிலையங்களுக்கான எண்கள் முடிகிற இடத்தில் ‘போலீஸ்’ என்றே அச்சிட்டிருப்பார்கள். காவல்துறை அப்போது மத்திய அலையின் மேல்விளிம்பை ஒட்டி, 1,600 கிலோஹெர்ட்ஸுக்கு அப்பால் பேசிக்கொண்டிருந்தது. முள்ளை இன்னும் கொஞ்சம் திருப்பினால் அகப்பட்டுவிடும். எந்தத் தெருவில் திருட்டு, எந்த முக்கில் விபத்து என்று கூடத்தில் உட்கார்ந்தபடியே கேட்கலாம். ரேடியோ கம்பெனிகள் இதை மறைக்கவில்லை, விளம்பரத்தில் போட்டே விற்றன.

★ இதற்கு வழிபோட்டது டெட்ராய்ட் போலீஸ். 1920-களின் தொடக்கத்தில் அவர்களுக்குக் கிடைத்த உரிமம் பொழுதுபோக்கு நிலையத்துக்கானது. அதனால் திருட்டுப்போன கார்களின் எண்களை அறிவிப்பதற்கு நடுநடுவே பாட்டும் போட வேண்டியிருந்தது! ரோந்துக் காரின் ஆட்டத்தைத் தாங்கும் ரேடியோ அமைந்து, சேவை ஒழுங்காக ஓடத் தொடங்கியது 1928 ஏப்ரலில்தான். அதுவும் ஒருவழிப் பேச்சு. நிலையம் சொல்லும், கார் கேட்டுக்கொள்ளும். பதில் சொல்ல வேண்டுமென்றால் போலீஸ்காரர் இறங்கிப்போய் ஒரு தொலைபேசியைத் தேட வேண்டும். காரிலிருந்தே பதில் பேசும் வசதி 1933-ல் நியூ ஜெர்சியின் பயோன் நகரத்துக்கு வந்தது.

★ ‘வீஜி’ என்று பெயர்பெற்ற நியூயார்க் பத்திரிகைப் புகைப்படக்காரர் ஆர்தர் ஃபெலிக், 1938-ல் தன் காரிலேயே போலீஸ் ரேடியோ வைத்துக்கொள்ள அனுமதி வாங்கினார். டிக்கியில் டைப்ரைட்டரும் ஃப்ளாஷ் பல்புகளும் சுருட்டுப் பெட்டியும் எப்போதும் இருக்கும். கொலை நடந்த இடத்தில் அவர் எப்படி முந்திக்கொண்டு நிற்கிறார் என்று மற்றவர்கள் வியந்ததற்கு விடை அந்த ரேடியோதான்.

★ சினிமாவில் அமெரிக்கப் போலீஸ் ‘சரி, புரிந்தது’ என்பதற்கு ‘டென்-ஃபோர்’ என்கிறாரே, அந்த ‘டென்’னுக்குத் தனியாக எந்த அர்த்தமும் கிடையாது. 1937 வாக்கில் இல்லினாய் மாநிலக் காவல்துறையின் சார்லஸ் ஹாப்பர் இந்தக் குறியீடுகளை வகுத்தார். அக்கால வாகன ரேடியோவில் மைக் பொத்தானை அழுத்தியதும் ஒரு சின்ன மோட்டார்-ஜெனரேட்டர் சுழன்று வேகம் பிடிக்க வேண்டும். அதற்குள் வாயிலிருந்து வந்த முதல் அசை எங்கேயும் போய்ச் சேராது. எனவே தொலைந்தாலும் பரவாயில்லை என்று முன்னால் வைத்த சொல்தான் ‘டென்’. மோட்டார் மறைந்து பல தலைமுறை ஆகியும் அது மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சேனல்களை ஒன்றன்பின் ஒன்றாக அலசி, பேச்சு வரும் இடத்தில் நிற்கும் ரேடியோவான ‘ஸ்கேனரை’ வாங்கியவுடன் இந்தக் குறியீட்டுப் பட்டியலை மனப்பாடம் செய்ய உட்காராதீர்கள். ஊருக்கு ஊர் வேறு. பல ஊர்களில் ‘டென்-தேர்ட்டீன்’ என்றால் வானிலை, சாலை நிலவரம். நியூயார்க் போலீஸில் அதுவே ‘அதிகாரிக்கு ஆபத்து, ஓடி வாருங்கள்’.

★ முதல் ஸ்கேனர்களில் ஒவ்வொரு சேனலுக்கும் ஒரு குவார்ட்ஸ் படிகம் வாங்கிச் செருக வேண்டும். எட்டு சேனல் கேட்க எட்டுப் படிகம், காசும் எட்டு மடங்கு. தீயணைப்புத் துறை அலைவரிசையை மாற்றினால் உங்கள் படிகம் குப்பைக்கு. 1970-களில் இண்டியானாவின் எலெக்ட்ரா நிறுவனம் ‘பேர்கேட்’ என்ற பெயரில் படிகம் தேவைப்படாத பெட்டிகளைக் கொண்டுவந்தது. பெயர் இன்றும் இருக்கிறது, யூனிடென் நிறுவனத்தின் கையில்.

★ ஸ்கேனரில் முதலில் பழக வேண்டிய குமிழ் ஒலியளவு அல்ல, ஸ்குவெல்ச். யாரும் பேசாதபோது வரும் ‘உஸ்ஸ்’ இரைச்சலை வெட்டிவிடும் வாசல் அது. முழுக்கத் திறந்தால் இரைச்சல் கொட்டும், ஸ்கேனரும் அதைப் பேச்சென்று நினைத்து அந்தச் சேனலிலேயே நின்றுவிடும். முழுக்க மூடினால் பக்கத்து வீட்டு வாக்கி-டாக்கி தவிர எதுவும் நுழையாது. இரைச்சல் அடங்குகிற அந்தப் புள்ளியைத் தொட்டு ஒரு மயிரிழை மேலே வைத்தால் சரி. ‘என் பெட்டியில் ஒன்றுமே கேட்கவில்லை’ என்பவர்கள் பெட்டியைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் இந்தக் குமிழை ஒருமுறை பார்க்கலாம்.

★ ‘நொடிக்கு 100 சேனல்’ என்று பெட்டியில் போட்டிருக்கும். நம்பி 500 சேனல் நிரப்பினால் ஒரு சுற்றுக்கு ஐந்து நொடி. அதுவும் யாருமே பேசாதிருந்தால். ஒரு பேச்சு முடிந்ததும் பதிலுக்காக ஸ்கேனர் வழக்கமாக இரண்டு நொடி காத்திருக்கும். நான்கைந்து இடத்தில் அப்படி நின்றால், நீங்கள் உண்மையில் கேட்க விரும்பிய விமானம் இறங்கி, பயணிகளும் வீட்டுக்குப் போயிருப்பார்கள். இருபது சேனலில் தொடங்குவது நல்லது. ஓயாமல் கீச்சிடும் சேனலுக்கு ‘லாக்அவுட்’, எதையும் குறுக்கிட்டுக் கேட்க வேண்டிய சேனலுக்கு ‘பிரயாரிட்டி’. இந்த இரண்டு பொத்தான் தெரிந்தால் கையேட்டில் பாதி முடிந்தது.

★ பக்கத்தில் யாரோ வாக்கி-டாக்கியில் பேசுகிறார்கள், அலைவரிசை தெரியவில்லையா? யூனிடெனின் ‘க்ளோஸ் கால்’ போன்ற வசதியுள்ள ஸ்கேனர், அருகிலுள்ள வலுவான அலையை உணர்ந்து தானே அங்கே தாவிவிடும்.

★ பெட்டிக்குச் செலவழிப்பதில் பாதியை ஆன்டெனாவுக்குச் செலவழியுங்கள் என்பது பழைய ஆட்கள் சொல்லும் புத்திமதி. நான் பாதிக்கு மேல் என்பேன். கணக்கு எளிது: 75-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் கால் அலைநீளம் மீட்டரில் கிடைக்கும். விமானப் பேச்சு நடக்கும் 125 மெகாஹெர்ட்ஸுக்கு 60 செ.மீ., அமெரிக்கத் தீயணைப்புத் துறைகள் பல இருக்கும் 155-க்கு 48 செ.மீ., 850-க்கு வெறும் 9 செ.மீ. இழுத்து நீட்டும் ஆன்டெனாவை எப்போதும் முழுக்க நீட்டித்தான் வைக்க வேண்டும் என்பது தவறு. மேலே போகப் போகக் குறுக்க வேண்டும்.

அதை நிமிர்த்தி வையுங்கள். வாகனங்களின் ஆன்டெனா செங்குத்தாக இருப்பதால் அலையும் செங்குத்தாகவே வருகிறது. ஜன்னல் விளிம்பில் படுக்கப் போட்டால் வருவதில் பெரும்பகுதி வீண்.

பல அலைவரிசைகளுக்கும் ஒரே ஆன்டெனா வேண்டுமென்றால் மொட்டைமாடியில் ‘டிஸ்கோன்’: மேலே வட்டமாகக் கம்பிகள், கீழே கூம்பாகக் கம்பிகள். 1940-களில் ஆர்மிக் கண்டோயன் வடிவமைத்தது. எல்லாவற்றையும் ஓரளவு கேட்கும், எதையும் மிகப் பிரமாதமாகக் கேட்காது.

★ ஆன்டெனாவிலிருந்து இறங்கும் கேபிள்தான் பலர் கோட்டைவிடும் இடம். மெல்லிய ஆர்ஜி-58 கேபிளை 30 மீட்டர் இழுத்தால், 450 மெகாஹெர்ட்ஸ் அளவில், மேலே பிடித்ததில் பத்தில் ஒன்பது பங்கு கேபிளுக்குள்ளேயே செத்துப்போகும். டிஷ் டிவிக்குப் போடும் ஆர்ஜி-6 கேபிளில் அதே தூரத்துக்கு மூன்றில் ஒரு பங்காவது மிஞ்சும். ‘அது 75 ஓம், ஸ்கேனர் 50 ஓம் ஆச்சே’ என்று கடைக்காரர் பயமுறுத்துவார். கேட்பதற்கு மட்டும் என்றால் அந்த வித்தியாசத்தால் வரும் நட்டம் கணக்கிலேயே வராது. எர்த் போடுவதும், இடி மழை நாளில் கேபிளைக் கழற்றி வைப்பதும் மட்டும் விட்டுவிடக் கூடாதவை.

★ தரையிலிருக்கும் கண்ட்ரோல் டவர் கேட்காது, ஆனால் 300 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள விமானி தெளிவாகக் கேட்பார். ஏன்? இந்த அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் போகின்றன. பூமியின் வளைவு மறைத்துவிடுகிறது. உயரத்தின் (மீட்டரில்) வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் கிலோமீட்டரில் எட்டும் தூரம் வரும். பத்து மீட்டர் மாடிக்கு 13 கி.மீ., பத்தாயிரம் மீட்டரில் பறக்கும் விமானத்துக்கு 412 கி.மீ. இரண்டு பக்கமும் உயரம் இருந்தால் இரண்டையும் கூட்டிக்கொள்ளலாம்.

★ இந்த விதியையும் வானிலை சில நாள் மீறும். கடலின் மேல் ஈரமும் குளிர்ச்சியுமான காற்று, அதன் மேலே சூடான வறண்ட காற்று என்று அடுக்கு அமைந்தால், அலை இடையில் மாட்டிக்கொண்டு வளைவைத் தாண்டி ஓடும். நாகப்பட்டினக் கடலோரத்தில் இலங்கை எஃப்.எம். நிலையங்கள் சில இரவுகளில் உள்ளூர் நிலையம் போலத் துல்லியமாகக் கேட்பது இதனால்தான். ஸ்கேனர்காரருக்கு அன்று முன்பின் தெரியாத ஊர்களின் ஆம்புலன்ஸ் எல்லாம் கேட்கும்.

★ உலகமே எஃப்.எம்.முக்கு மாறிய பிறகும் விமானிகள் 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரை இன்னும் ஏ.எம்.மில்தான் பேசுகிறார்கள். பழமைவிரும்பிகள் என்பதால் அல்ல. எஃப்.எம்.மில் இருவர் ஒரே நேரத்தில் பேசினால் வலுவானவர் மற்றவரை விழுங்கிவிடுவார். இன்னொருவர் பேசியதே யாருக்கும் தெரியாது. ஏ.எம்.மில் இரண்டும் மோதி ஒரு கிறீச்சல் எழும். ‘யாரோ குறுக்கே பேசினார்கள், திரும்பச் சொல்லுங்கள்’ என்று கண்ட்ரோலர் கேட்க முடியும். ஆகவே ஸ்கேனரில் விமானச் சேனல்களை ஏ.எம். என்று குறித்தீர்களா என்று ஒருமுறை பாருங்கள். எஃப்.எம்.மில் விட்டால் குரல் மண்ணுக்குள்ளிருந்து வருவது போலிருக்கும்.

★ 141.4-ல் விமானி பேசுகிறாரா? அவர் அங்கே இல்லை. பல மலிவான ஸ்கேனர்கள் உள்ளே 10.7 மெகாஹெர்ட்ஸ் இடைநிலை அலைவரிசையைப் பயன்படுத்துகின்றன. அதன் இரு மடங்கு, அதாவது 21.4 தள்ளி, உண்மையான அலையின் போலி பிம்பம் ஒன்று தெரியும். ஆள் பேசுவது 120-ல். ‘ரகசிய அலைவரிசை கண்டுபிடித்துவிட்டேன்’ என்று துள்ளுவதற்கு முன் 21.4-ஐக் கழித்துப் பாருங்கள். எல்லா இடத்திலும் சினிமாப் பாட்டு கேட்டால் அது வேறு நோய்: பக்கத்து எஃப்.எம். கோபுரம் ஸ்கேனரை மூழ்கடிக்கிறது. 88 முதல் 108 வரை வெட்டும் சின்ன வடிகட்டி ஒன்று போதும்.

★ 1997-க்கு முன் பெரிய அமெரிக்க நகரங்களில் ஸ்கேனர்காரர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். கேள்வி ஒரு சேனலில், பதில் இன்னொன்றில், அடுத்த வாக்கியம் மூன்றாவதில். ‘ட்ரங்கிங்’ என்ற ஏற்பாடு அது. வங்கியில் டோக்கன் வாங்கினால் எந்தக் கவுன்ட்டர் காலியோ அங்கே கூப்பிடுகிறார்களே, அப்படி ஒரு கணினி ஒவ்வொரு பேச்சுக்கும் காலியான சேனலை ஒதுக்கும். டோக்கன் எண்ணை ஓயாமல் அறிவிக்கும் ‘கண்ட்ரோல் சேனல்’ ஒன்றும் உண்டு. அதைப் படித்துப் பின்தொடரும் முதல் ஸ்கேனரை யூனிடென் 1997-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் பிறகு ஸ்கேனரில் நிரப்புவது அலைவரிசையை மட்டுமல்ல, பேசும் குழுவுக்கான ‘டாக்-குரூப்’ எண்ணையும்தான்.

★ சிக்னல் கோடு முழுசாக நிற்கும், குரல் மட்டும் வாந்தியெடுக்கும். டிஜிட்டல் ட்ரங்கிங்கில் இது பிரசித்தம். பல கோபுரங்கள் ஒரே பேச்சை ஒரே கணத்தில் ஒலிபரப்புகின்றன. உங்கள் வீட்டுக்கு அவை மைக்ரோநொடி வித்தியாசத்தில் வந்து ஒன்றையொன்று குலைக்கின்றன. இதற்கு மருந்து பெரிய ஆன்டெனா அல்ல, சின்னது! அல்லது ஒரே கோபுரத்தை மட்டும் பார்க்கும் திசை ஆன்டெனா. இந்தக் குழப்பத்தைச் சமாளிப்பதற்கென்றே 2018-ல் எஸ்டிஎஸ்-100 என்ற கையடக்க ஸ்கேனர் வந்தது. விலை கேட்டால் மயக்கம் வரும்.

★ அந்த விலை இல்லாமல் நுழைய ஒரு பின்வாசல் உண்டு. கணினியில் டிவி பார்க்க விற்ற யூஎஸ்பி குச்சி ஒன்றில் ரியல்டெக் ஆர்டிஎல்2832யு சிப் இருந்தது. அது எஃப்.எம். ரேடியோ கேட்கும்போது அலையைப் பதப்படுத்தாமல் பச்சையாகவே கணினிக்கு அனுப்புகிறது என்பதை ஃபின்லாந்தின் ஆன்டி பலோசாரி கண்டறிந்து சொன்னார். 2012-ல் நிரலாளர்கள் சிலர் சேர்ந்து, சுமார் 24 முதல் 1,700 மெகாஹெர்ட்ஸ் வரை எதையும் கேட்கும் ரேடியோவாக அதை மாற்றிவிட்டார்கள். அப்போதைய விலை இருபது டாலரை ஒட்டி. வழக்கமான ஸ்கேனர் ஒரு நேரத்தில் ஒரு சேனலைத்தான் எட்டிப் பார்க்கும். இந்தக் குச்சி 2.4 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை மொத்தமாகத் திரையில் ஓடவிடும். யார் எங்கே பேசினாலும் ஒரு வண்ணக்கோடு எழும், அதைச் சொடுக்கினால் குரல். உட்கார்ந்து கற்கப் பொறுமை உள்ளவருக்கு இதுவே முதல் கருவி என்பேன். மேசையில் வைத்ததும் பேச வேண்டும் என்பவருக்கு அல்ல.

★ விமானங்கள் தம் இருப்பிடத்தை 1,090 மெகாஹெர்ட்ஸில் நொடிக்கு ஏறக்குறைய இருமுறை தாமே அறிவிக்கின்றன. கால் அலைநீளம் 7 செ.மீ.கூட இல்லை, ஒரு துண்டுக் கம்பி போதும். ஃப்ளைட்ரேடார்24 வரைபடத்தில் நகரும் விமானங்களில் பெரும்பாலானவை இப்படி வீட்டுமாடியில் குச்சி நட்டவர்கள் அனுப்பியவை. கப்பல்களுக்கு 161.975, 162.025. துறைமுக ஊர்க்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

★ அமெரிக்க ரயில் ரசிகர்களின் ஸ்கேனரில் அதிகம் பேசுவது மனிதர்கள் அல்ல, தண்டவாளம். பாதையோரம் வைத்த கருவிகள், கடந்துபோகும் ஒவ்வொரு அச்சின் வெப்பத்தையும் அகச்சிவப்பு உணரியால் அளந்து, ரயில் போனதும் இயந்திரக் குரலில் ரேடியோவிலேயே அறிக்கை வாசிக்கும்: எந்த ரயில்வே, எந்த மைல்கல், பழுது இல்லை, இத்தனை அச்சு. ரயில் எங்கே வருகிறது என்று ரசிகர்களுக்கு இதைவிடத் துப்பு வேறு வேண்டாம்.

ஆனால் வேடிக்கை மட்டும் அல்ல. 2023 பிப்ரவரி 3 அன்று ஒஹாயோவில் ஒரு சரக்கு ரயிலின் சக்கரத் தாங்கி சூடேறிக்கொண்டே வந்தது. சுற்றுப்புறத்தைவிட எவ்வளவு அதிகம் என்று மூன்று கருவிகள் அடுத்தடுத்து அளந்தன: 38, பிறகு 103, பிறகு 253 டிகிரி ஃபாரன்ஹீட். எச்சரிக்கை ஒலித்தது மூன்றாவதில். ஓட்டுநர் நிறுத்த முனைந்தபோதே 38 பெட்டிகள் தடம்புரண்டன. ஈஸ்ட் பாலஸ்டைன் நச்சு விபத்து என்று உலகம் அறிந்தது அதுதான்.

★ ஸ்கேனரை வாடகைக்கு விடும் விளையாட்டு மைதானம்? நாஸ்கார் கார்ப் பந்தயம். ஓட்டுநர் தன் குழுவோடு பேசுவதை ரசிகர்கள் காதில் மாட்டிக் கேட்கலாம், வசவு உட்பட.

★ அமெரிக்காவில் விற்கும் ஸ்கேனர்களில் 800 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் சில பட்டைகள் மட்டும் காணாமல் போயிருக்கும். பழைய அனலாக் செல்போன்கள் எந்தப் பூட்டும் இல்லாமல் அங்கேதான் பேசின. அவற்றைக் கேட்கக்கூடிய ஸ்கேனர்களின் தயாரிப்பும் இறக்குமதியும் 1994 ஏப்ரல் முதல் தடை. பூட்ட வேண்டியது போனை, பூட்டியது ரேடியோவை.

ஏற்கெனவே விற்ற பெட்டிகளை என்ன செய்வது? 1996 டிசம்பரில் ஃபுளோரிடாவில் ஒரு தம்பதி, அப்போதைய சபாநாயகர் நியூட் கிங்ரிச் தன் கட்சித் தலைவர்களோடு நடத்திய தொலைபேசிக் கூட்டத்தை ஸ்கேனரில் பிடித்துப் பதிவு செய்தார்கள். கூட்டத்தில் இருந்த ஜான் போனர் காரில் இருந்தபடி செல்போனில் பேசியதுதான் ஓட்டை. நாடா ஒரு எதிர்க்கட்சி எம்.பி. கைக்குப் போய், பத்திரிகையில் வந்தது. தம்பதிக்கு ஆளுக்கு 500 டாலர் அபராதம். எம்.பி. மீது போனர் போட்ட வழக்கு பத்தாண்டைத் தொட்டது. பிரிட்டனிலும் இளவரசி டயானாவின் அந்தரங்கப் பேச்சு ஒன்று, ஓய்வுபெற்ற வங்கி மேலாளரின் ஸ்கேனரில் சிக்கி 1992-ல் செய்தித்தாளுக்கு வந்தது.

★ பிரிட்டனில் ஸ்கேனர் வாங்கலாம், வைத்திருக்கலாம். பொதுமக்களுக்கான ஒலிபரப்பு, ‘ஹாம்’ எனும் அமெச்சூர் ரேடியோ, ‘சிபி’ எனும் குடிமக்கள் ரேடியோ போன்றவை தவிர மற்றதைக் கேட்டால் 2006-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். விமான நிலைய வேலிக்கு வெளியே நிற்கும் விமான ரசிகர்கள் கையில் ஸ்கேனர் இருப்பதை எல்லோரும் பார்க்கிறார்கள், யாரும் பார்ப்பதில்லை. அமெரிக்காவில் வீட்டில் கேட்பதற்குப் பெரும்பாலும் தடையில்லை. ஃபுளோரிடா, நியூயார்க், கென்டக்கி போன்ற மாநிலங்களில் காரில் வைப்பதற்குத்தான் கட்டுப்பாடு.

இந்தியா வேறு கதை. 1933-ம் ஆண்டுச் சட்டம் உரிமமில்லாமல் வயர்லெஸ் கருவியை வைத்திருப்பதையே குற்றமாக்கியது. பாட்டு கேட்கும் ரேடியோவுக்கே தபால் நிலையத்தில் ஆண்டுக் கட்டணம் கட்டிய காலம் 1980-கள் வரை நீடித்தது. 2023-ல் நிறைவேறிய தொலைத்தொடர்புச் சட்டமும் ரேடியோ கருவி வைத்திருக்க அங்கீகாரம் கேட்கிறது. ஆசை உள்ளவருக்கு நேர்வழி, 12 வயது முதலே எழுதக்கூடிய ஹாம் தேர்வு. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி அந்தமானின் தொடர்புகளை அறுத்தபோது, போர்ட் பிளேரிலிருந்து வெளியுலகோடு பேசியவர் ஹாம் பயணத்துக்காக அங்கே போயிருந்த பாரதி பிரசாத்.

★ ஸ்கேனரில் கேட்டதெல்லாம் செய்தி ஆகாது. 2013 ஏப்ரலில் பாஸ்டன் குண்டுவெடிப்புக் குற்றவாளிகளைத் தேடிய இரவில், இணையம் வழியாக நாடே போலீஸ் ரேடியோ கேட்டது. ஒரு அதிகாரி ஒரு பெயரை எழுத்துக் கூட்டும்போது ‘எம் ஃபார் மைக்’ என்றார். சிறிது நேரத்தில் ‘மைக்’ என்ற பெயரில் ஒரு சந்தேக நபரே பிறந்து ஊரெல்லாம் சுற்றினான்.

★ அந்த மாதிரி இரவுகள் இனிக் குறைவு. சிகாகோ போலீஸ் 2022 முதல் பேச்சைப் பூட்டி, அரை மணி நேரம் தாமதித்தே வெளியே விடுகிறது. நியூயார்க் போலீஸ் 2023-ல் பூட்டத் தொடங்கியது. பூட்டிய பேச்சை எந்த ஸ்கேனரும் திறக்காது. திறக்கும் என்று விற்பவரிடம் வாங்காதீர்கள். பத்திரிகைக்காரர்களின் புகாரில் நியாயம் இருக்கிறது, தன் முகவரியும் நோயும் காற்றில் வாசிக்கப்படுவதை விரும்பாத நோயாளி பக்கமும் இருக்கிறது. போலீஸுக்காக மட்டும் ஸ்கேனர் வாங்க நினைத்தால், உங்கள் ஊரில் பூட்டு விழுந்துவிட்டதா என்று முதலில் விசாரியுங்கள். வானம் இன்னும் பூட்டப்படவில்லை.

★ இங்கிலாந்தின் கெட்டரிங் பள்ளி ஆசிரியர் ஜெஃப்ரி பெர்ரியும் மாணவர்களும் சோவியத் செயற்கைக்கோள்களின் ஒலியை ரேடியோவில் கேட்டு நேரம் குறித்துக்கொண்டே வந்தார்கள். 1966-ல் அவர்கள் கணக்கு ஒன்று வழக்கமான ஏவுதளத்தோடு பொருந்தவில்லை. மாஸ்கோ மறைத்து வைத்திருந்த பிளெசெட்ஸ்க் ஏவுதளம் அப்படித்தான் வெளியே வந்தது.

★ 2018 ஜனவரியில் கனடாவின் ஸ்காட் டில்லி, ‘ஜூமா’ என்ற ரகசியச் செயற்கைக்கோளைத் தன் வீட்டு ஆன்டெனாவால் தேடினார். கிடைத்தது வேறொன்று: 2005-ல் நாசா பறிகொடுத்துக் கைகழுவிய ‘இமேஜ்’ ஆய்வுக்கலம், இன்னமும் பேசிக்கொண்டிருந்தது. நாசாவே பிறகு அதை உறுதிசெய்தது.

★ 137 மெகாஹெர்ட்ஸில் அமெரிக்காவின் நோவா வானிலைச் செயற்கைக்கோள்களின் மேகப் படத்தை இருபது டாலர் குச்சியால் இறக்கிப் பார்ப்பது பொழுதுபோக்காளர்களின் முதல் பாடமாக இருந்தது. 2025-ல் கடைசி மூன்றும் ஓய்வுபெற்றன. அதே பட்டையில் ரஷ்யாவின் மீட்டியோர் செயற்கைக்கோள்கள் இன்னும் தெளிவான டிஜிட்டல் படத்தை அனுப்புகின்றன.

★ சர்வதேச விண்வெளி நிலையம் தமிழ்நாட்டுக்கு மேலேயும் போகிறது. பள்ளி மாணவர்களோடு வீரர்கள் பேசும் அலைவரிசை 145.800, எஃப்.எம்., அரை மீட்டர் கம்பி போதும். உங்கள் ஊரில் ஹாம் உரிமம் உள்ள நண்பர் இருந்தால் நேரம் பார்த்து அவர் மொட்டைமாடிக்குப் போங்கள். தொடுவானில் எழுந்து மறைய அதிகபட்சம் பத்து நிமிடம். வரும்போது அலைவரிசை சுமார் 3 கிலோஹெர்ட்ஸ் ஏறியும், போகும்போது அதே அளவு இறங்கியும் இருக்கும். பேசுகிற பள்ளி உங்கள் அக்கம்பக்கத்தில் இல்லையென்றால் பிள்ளைகளின் கேள்வி கேட்காது. அது வேறு அலைவரிசையில் மேலே போகிறது. பதில்களை வைத்துக் கேள்வியை நீங்களே ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். விண்வெளியில் தூங்குவது எப்படி என்பது அநேகமாக அதில் ஒன்றாக இருக்கும்.